இணைப்பு நான்கு

ஜூன் 2, திங்கள்

செயலர் புவனேந்திரன் கூப்பிட்டு ஒரு கோப்பைக் கொடுத்தார்.

தருமபுரிப் பக்கம் முப்பத்தெட்டு ஊர்களில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம், பல்லையும் மூட்டையும் கெடுத்துவிடும். எந்த இயந்திரத்தை வைத்து அதைச் சுத்தம் செய்யலாம் என்று அரசுக்கு ஆலோசனை சொல்ல இரண்டு வருடத்துக்கு முன் ஐந்து பேர் கொண்ட நிபுணர் குழு போட்டிருந்தார்கள். குழு ஒரே ஒரு கம்பெனியின் இயந்திரத்தைச் சிபாரிசு செய்தது. வாங்கி வைத்தாயிற்று. இப்போது தொட்டமாரனஅள்ளி என்ற ஊரின் வார்டு உறுப்பினர் மாதம்மாள் மனு போட்டிருக்கிறார். இயந்திரத் தண்ணீர் பழையதைவிட மோசமாம். குழுவில் இருப்பவர்களுக்கும் கம்பெனிக்கும் என்ன சம்பந்தம் என்று விசாரிக்கச் சொல்கிறார்.

"நாலு பக்கம் போதும் மேடம். அஞ்சு பேரும் கம்பெனியோட எந்தச் சம்பந்தமும் இல்லைன்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்காங்க. அதைப் பார்த்து எழுதிடுங்க. ஜூலை முப்பத்தொண்ணு நீங்க ரிட்டயர். அதுக்குள்ள முடிச்சா நல்லது" என்றார்.

முப்பத்தாறு வருட சர்வீஸில் சார்புச் செயலாளர்வரை வந்த எனக்குப் பார்த்து எழுதும் வேலை. சரி சார் என்று சொல்லிவிட்டு வந்தேன். படியிறங்கும்போதுதான் கோபம் வந்தது. எனக்கு எப்போதும் படியில்தான் வரும்.

டிசம்பரில் ஏற்காட்டில் எடுத்த படத்தை பெங்களூரிலிருந்து மகள் சட்டம் போட்டு அனுப்பியிருக்கிறாள். மாட்ட ஆணி இல்லை.

ஜூன் 5, வியாழன்

அறிவிப்புப் படிவங்களைப் பார்த்தேன். ஆதாய முரண் உண்டா என்று ஏழு கேள்விகள். கம்பெனியில் பங்கு உண்டா, குடும்பத்தினர் அங்கே பொறுப்பில் உண்டா, ஆராய்ச்சிக்கு உதவி பெற்றதுண்டா, பயணமோ தங்குமிடமோ பெற்றதுண்டா, இப்படி. ஐந்து பேர், முப்பத்தைந்து பதில், முப்பத்தைந்தும் "இல்லை".

ஒருவர் முதல் கேள்விக்கு மட்டும் இல்லை என்று எழுதி, கீழே ஆறுக்கும் மேற்படி என்று இரட்டைக் கோடு போட்டிருக்கிறார். முப்பத்தெட்டு ஊர் ஜனங்கள் குடிக்கப்போகும் தண்ணீர். இந்த மனிதருக்கு "இல்லை" என்று ஆறு தடவை எழுதக் கை வலித்திருக்கிறது.

ஜூன் 9, திங்கள்

பிரிவு அலுவலர் ஹமீதா பானு கெட்டிக்காரி. கம்பெனிப் பதிவு விவரம் எல்லாரும் பார்க்கும் இணையதளத்திலேயே இருக்கிறது. ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. கம்பெனியின் இயக்குநர்களில் ஒருவர் குழுத் தலைவர் பேராசிரியர் செல்வகணபதியின் மருமகன். இரண்டாம் உறுப்பினரின் ஆய்வகத்துக்குக் கம்பெனி கட்டடமே கட்டிக் கொடுத்திருக்கிறது. திறப்பு விழாப் படத்தில் கத்தரிக்கோலோடு சிரிக்கிறார். மூன்றாமவரின் மகன் அங்கே விற்பனைப் பிரிவில் மேலாளர். மற்ற இரண்டு பேர் மேல் எதுவும் அகப்படவில்லை. ஆனால் அவர்கள் ஒரு கூட்டத்துக்கும் போனதில்லை. வீட்டில் இருந்தபடியே கையெழுத்து.

பேராசிரியருக்குப் போன் செய்தேன். தேன் போன்ற குரல்.

"மருமகன் எப்படிம்மா குடும்பம் ஆவார்? படிவத்துல பாருங்க. குடும்பம்னா மனைவி, மகன், மகள். மருமகன்னு எங்கயாவது போட்டிருக்கா?"

"உங்க மகளோட கணவர் சார்."

"அது அவங்க குடும்பம். என் குடும்பம் வேற. சட்டத்தை நாம சரியா படிக்கணும் இல்லையா?"

போனை வைத்துவிட்டு அந்தப் படிவத்தை எடுத்து மறுபடி படித்தேன். ஹமீதா டீ வாங்கி வந்து வைத்தாள்.

ஜூன் 12, வியாழன்

குக்கர் ரப்பர் போய்விட்டது. என் வீட்டுக்காரர் கோவையில் ஒரு கருத்தரங்கு முடிந்து காலை ரயிலில் வந்தார். ஓய்வு பெற்ற வேதியியல் பேராசிரியர்களை இன்னும் கூப்பிடுகிறார்களே என்று சந்தோஷப்படுகிறார். நல்லதுதான். வீட்டில் உட்கார்ந்து டிவியோடு சண்டை போடுவதற்கு இது மேல்.

ஜூன் 17, செவ்வாய்

தொட்டமாரனஅள்ளி போய் வந்தேன். ஹமீதாவும் வந்தாள்.

தகரக் கொட்டகைக்குள் நீல நிறத்தில் பெரிய இயந்திரம். மேலே ஐந்து நிபுணர்களின் பெயர் போட்ட பலகை. மாதம்மாளுக்கு நாற்பது வயது இருக்கும். மஞ்சள் காட்டில் வேலையைப் பாதியில் விட்டு வந்திருந்தார். கைகளில் மண் காயவில்லை.

"உள்ள ஒரு மருந்து இருக்குதுங்க, மூணு மாசத்துக்கு ஒருக்கா மாத்தணும்னு சொன்னாங்க. எட்டு மாசமா ஒருத்தரும் வரல. போன் பண்ணா, ஒப்பந்தத்துல அது இல்லீங்கறாங்க."

"இதுக்கு முன்னாடி குடிக்க என்ன பண்ணீங்க?"

"ஆத்துத் தண்ணி பைப்பு பக்கத்து ஊரு வரைக்கும் வந்திருச்சுங்க மேடம். அடுத்தது எங்க ஊருதான். குழிகூட நோண்டிட்டாங்க. அப்புறம் மிசினு வந்துச்சு. மிசினு இருக்கற ஊருக்குப் பைப்பு தேவையில்லைன்னு நிறுத்திட்டாங்க. எங்களுக்குப் பைப்பு வேணாம்னு யாரு சொன்னது? நாங்க சொன்னமா?"

யார் சொன்னது என்று எனக்குத் தெரியும். குழு அறிக்கை, பக்கம் 31, கடைசிப் பத்தி. "இயந்திரம் அமைக்கப்பட்ட ஊர்களைக் குழாய் விரிவாக்கத்திலிருந்து விலக்கலாம்." அதைப் படித்தபோது சாதாரண வாக்கியம் போல இருந்தது.

மாதம்மாளின் கணவர் வாசலில் உட்கார்ந்திருந்தார். நாற்பத்தைந்து வயது. எழுந்து கும்பிட முயன்றார், முழங்கால் நிமிரவில்லை. சுவரைப் பிடித்து, பாதி எழுந்து, அப்படியே கும்பிட்டார். வேண்டாம் உட்காருங்கள் என்று நான் சொல்லச் சொல்ல, கும்பிட்டு முடித்த பிறகுதான் உட்கார்ந்தார்.

மாவட்ட நீர் ஆய்வகத்து ஆளை வரவழைத்து, ஊர்க்காரர்கள் முன்னிலையில் மூன்று பாட்டிலில் நீர் எடுத்து, முத்திரை வைத்துக் கொடுத்து வந்தேன்.

ஜூன் 19, வியாழன்

இப்படி ஒரு இயந்திரம் எப்படித் தேறியது? குழுவின் சிபாரிசுக்கு ஆதாரம் ஒரே ஒரு சோதனைச் சான்று. "சுயேச்சையான நிபுணர் ஒருவரின் சான்று, இணைப்பு 4" என்று இருக்கிறது. இணைப்பு 3 இருக்கிறது. இணைப்பு 5 இருக்கிறது. நான்கு இல்லை. நூல் கட்டிய இடத்தில் கிழித்த காகித ஓரம் மட்டும் பல் மாதிரி நீட்டிக்கொண்டிருக்கிறது.

திருடர்கள். சுத்தமாகக் கிழிக்கக்கூடத் தெரியாத திருடர்கள்.

குழுவின் பழைய அலுவலகத்தில் அலுவலகப் பிரதி ஒன்று இருக்கவேண்டும். ஹமீதாவைத் தேடச் சொன்னேன்.

ஜூன் 24, செவ்வாய்

இணைப்பு 4 கிடைத்தது. மூன்று பக்கம். ஹமீதா அதை மேஜையில் கவிழ்த்து வைத்துவிட்டுப் போய்விட்டாள். படித்தேன்.

கறிவேப்பிலை வாங்க மறந்துவிட்டேன்.

ஜூன் 25, புதன்

குளியலறைக் குழாய் ஒழுகுகிறது. மூன்று தடவை வந்தும் சரி செய்யாத பிளம்பரை வாய்க்கு வந்தபடி திட்டினேன். செய்கிற வேலையில் யோக்கியம் வேண்டாமா, பொய் சொல்லிப் பிழைக்க வெட்கமாக இல்லையா என்றெல்லாம் கேட்டேன். ஐம்பது வயது மனிதர். "ஒரு வாஷருக்கு ஏம்மா இவ்ளோ பேசறீங்க?" என்றார்.

ஜூன் 26, வியாழன்

மாவட்ட ஆய்வக முடிவு வந்தது. அனுமதித்த அளவைப் போல மூன்று மடங்கு ஃபுளோரைடு.

ஜூன் 28, சனி

எழுதித்தான் ஆகவேண்டும். நான்கு நாளாக இந்த நோட்டுக்கே பொய் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இணைப்பு 4இன் கீழே உள்ள கையெழுத்து முனைவர் ப. சிதம்பரநாதன். என் கணவர். என் மகளின் மதிப்பெண் பட்டியலில் பன்னிரண்டு வருடம் பார்த்த அதே கையெழுத்து. ப வளைந்து, சி அதன் மேல் ஏறி உட்கார்ந்திருக்கும். "தொட்டமாரனஅள்ளி கிராமத்தில் நேரில் எடுக்கப்பட்ட நீர் மாதிரி, இயந்திரத்தில் சுத்திகரித்தபின், குடிக்க உகந்தது."

காலையில் அவர் பேப்பர் படிக்கும்போது மூன்று பக்கத்தையும் முன்னால் வைத்தேன்.

கண்ணாடியைக் கழற்றினார். மாட்டினார். "இது எப்படி உன்கிட்ட?"

"இந்த ஊருக்கு எப்பப் போனீங்க?"

"பாட்டில்ல அனுப்பினாங்க. நான் சோதிச்சேன். தண்ணி சுத்தமாத்தான் இருந்துச்சு தமயந்தி. சோதனையில ஒரு தப்பும் கிடையாது."

"நேரில் எடுக்கப்பட்டதுன்னு போட்டிருக்கீங்க."

"வாசகம் அவங்க அடிச்சுக் குடுத்தது."

"அந்தப் பாட்டில்ல இருந்தது எந்த ஊர் தண்ணி?"

பேப்பரை மடித்து வைத்தார். தரையைப் பார்த்துச் சொன்னார்: "ரிட்டயராகி ஆறு வருஷம் என்னை ஒருத்தரும் தேடி வரல. செல்வகணபதி வீட்டுக்கே வந்து, உங்களை விட்டா வேற யாரு இருக்காங்கன்னு கேட்டாரு. எனக்குப் பெருமையா இருந்துச்சு."

"உங்களைத் தேடி வரல. நான் இந்தத் துறையில இருக்கேன்னுதான் வந்தாங்க. அது புரியலையா?"

இதைச் சொல்லியிருக்கக் கூடாது. அவர் முகம் அப்படியே விழுந்தது. ஆனால் நான் நிறுத்தவில்லை. ஏற்காட்டு பங்களாவும் அவங்களுதா என்று கேட்டேன். தலையாட்டினார்.

டிசம்பரில் நண்பர் வீடு என்றுதான் சொன்னார். எந்த நண்பர் என்று நான் கேட்கவில்லை. மூன்று நாள் சமையற்காரர் ஒருவர் சுடச்சுடத் தோசை வார்த்துக் கொடுத்தார். இரண்டாவது கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். எங்கள் நண்பர்களில் யாருக்குச் சமையற்காரர் இருக்கிறார்? கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். தெரிந்துவிடும் என்றுதான் கேட்கவில்லையோ என்னவோ.

ஜூலை 1, செவ்வாய்

செயலர் கூப்பிட்டார். கதவைச் சாத்தச் சொன்னார்.

"இணைப்பு நாலைத் தேடி எடுத்துட்டீங்களாமே."

"ஆமா சார்."

"அது உங்களுக்கும் சங்கடம், எங்களுக்கும் சங்கடம். உங்க வீட்டுக்காரர் நல்ல மனுஷர். இந்த வயசுல அவர் பேரு எதுக்கு? நாலு பக்கம் எழுதிக் குடுத்துட்டு நிம்மதியா ரிட்டயர் ஆகுங்க. மாலை, சால்வை எல்லாம் நானே ஏற்பாடு பண்றேன்."

சிரித்தார். அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. இந்தக் கோப்பு என்னிடம் தற்செயலாக வரவில்லை. பதினோரு சார்புச் செயலாளர்கள் இருக்கும் துறையில், கையைக் கட்டிப்போட்ட ஒருத்தியாகப் பார்த்துக் கொடுத்திருக்கிறார்கள். கண்டுபிடிக்காவிட்டால் நல்லது. கண்டுபிடித்தாலும் வாயைத் திறக்க மாட்டாள்.

இந்தத் தடவை கோபம் படிவரைக்கும் காத்திருக்கவில்லை. அங்கேயே வந்தது. ஆனால் என்னால் சொல்ல முடிந்தது, "யோசிச்சுச் சொல்றேன் சார்." அவ்வளவுதான். என் மேல் எனக்கு வந்த வெறுப்பை எழுத இந்தப் பக்கம் போதாது.

ஜூலை 3, வியாழன்

சட்டப்படி, என் கணவர் பெயர் கோப்பில் இருப்பதை நான் உடனே தெரிவித்து விலகவேண்டும். விலகினால் கோப்பு யாருக்குப் போகும்?

"வேற யாருக்கு மேடம்? செயலர் சொல்ற ஆளுக்குத்தான். இணைப்பு நாலு மறுபடி காணாமப் போயிடும்" என்றாள் ஹமீதா.

"விலகாம நானே அறிக்கை எழுதினா?"

அவள் தயங்கினாள். "அப்ப அந்த அஞ்சு பேரோட நீங்க ஆறாவது ஆளு. தப்பா எடுத்துக்காதீங்க மேடம்."

தப்பாகத்தான் எடுத்துக்கொண்டேன். அவளோடு மத்தியானம் வரை பேசவில்லை. சாப்பாட்டு நேரத்தில் என் டப்பாவிலிருந்து ஊறுகாயை அவள் பக்கம் தள்ளி வைத்தேன். எடுத்துக்கொண்டாள்.

ஜூலை 4, வெள்ளி

முதலில் தண்ணீர். மாவட்ட ஆய்வக முடிவை இணைத்து மாவட்ட ஆட்சியருக்குக் கடிதம் அனுப்பினேன்: இந்த இயந்திரத்தின் நீரை யாரும் குடிக்கக் கூடாது, லாரி நீர் உடனே தேவை, மற்ற முப்பத்தேழு ஊர்களிலும் சோதிக்கவும். இதற்கு யாருடைய உறவையும் விசாரிக்கத் தேவையில்லை. பாட்டிலில் இருப்பதைப் பார்த்தாலே போதும்.

ஜூலை 7, திங்கள்

இன்று கொடுத்துவிட்டேன். அறிக்கை பத்தொன்பது பக்கம். முதல் பக்கத்தில் ஒரு அட்டவணை. பெயர், கம்பெனியோடு சம்பந்தம், அறிவித்தாரா இல்லையா.

முதல் வரிசையில் என் பெயர். கணவர் சோதனைச் சான்று வழங்கியவர், டிசம்பரில் கம்பெனி பங்களாவில் மூன்று நாள் தங்கியது, அறிவிக்கவில்லை. இரண்டாவது வரிசை பேராசிரியர் செல்வகணபதி. மருமகன். பிறகு மற்றவர்கள். முடிவுரை எதுவும் எழுதவில்லை. நான் முடிவு சொல்லத் தகுதி இழந்தவள், துறைக்கு வெளியே உள்ள ஒருவர் விசாரிக்கவேண்டும் என்று மட்டும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இணைப்பு 4இன் பிரதியைப் பின்னால் சேர்த்தேன்.

தபால் பிரிவில் கொடுத்து எண் போட்டு வாங்கினாள் ஹமீதா.

வீட்டில் அவரிடம் சொன்னேன். "முதல்ல என் பேரையே போட்டிருக்கேன்" என்றேன்.

"அதுல என் பேரும்தான இருக்கு?" என்றார். "முப்பத்துநாலு வருஷம் கிளாஸ் எடுத்தவன் பேரு."

"அந்த ஊருக்கு ஒரு தடவை வந்து பாருங்க. நான் கூட்டிட்டுப் போறேன்."

"என்னைக் காட்டிக் குடுத்துட்டு, ஊரு பார்க்கக் கூப்பிடறியா?"

ஜூலை 9, புதன்

அவர் பெங்களூருக்கு, மகள் வீட்டுக்குப் போய்விட்டார். மாத்திரை டப்பாவை மறந்துவிட்டுப் போயிருக்கிறார். கூரியரில் அனுப்பினேன்.

மாதம்மாள் போன் செய்தார். லாரி வந்ததாம். "ஒரு நாளைக்கு ஒரு லாரிதாங்க. பத்தல. ஆனா வந்துச்சு."

ஜூலை 15, செவ்வாய்

கோப்பை என்னிடமிருந்து வாங்கிவிட்டார்கள். எனக்கு ஒரு நாற்காலி, ஒரு மேஜை, மேஜையில் ஒன்றுமில்லை. வராந்தாவில் பார்த்தால் பாதிப் பேர் செல்போனைப் பார்த்தபடி போகிறார்கள்.

மகள் போனில் அழுதாள். அப்பா சரியாகச் சாப்பிடுவதில்லையாம். "அப்பா பேரை எடுத்திருக்கலாமேம்மா" என்றாள். எடுத்திருந்தால் செல்வகணபதி பெயரை எந்த முகத்தோடு வைத்திருப்பேன் என்று கேட்டேன். அவள் போனை வைத்துவிட்டாள். சரிதான். அவள் கேட்டது வேறு, நான் சொன்னது வேறு.

ஜூலை 22, செவ்வாய்

குற்றச்சாட்டுக் குறிப்பாணை வந்துவிட்டது. ஓய்வுக்கு ஒன்பது நாள் இருக்கும்போது. தற்காலிகப் பணிநீக்கம். விசாரணை முடியும்வரை ஓய்வு பெற அனுமதி இல்லை.

ஒரே ஒரு குற்றச்சாட்டு. "தன் கணவர் இணைப்பு 4ஐ வழங்கியவர் என்பதை ஜூன் 24 அன்று அறிந்தும், ஜூலை 7 வரை பதின்மூன்று நாட்கள் அறிவிக்காமல் மறைத்து, ஆதாய முரண் விதியை மீறினார்."

கத்தவேண்டும் போல இருந்தது. யார் யாரைச் சொல்வது! அந்தத் தாளை நாலாகக் கிழிக்கப் போனேன்.

கிழிக்கவில்லை. ஏனென்றால் அது உண்மை. பதின்மூன்று நாள். நான் இந்த நோட்டில் குழாயையும் கறிவேப்பிலையையும் பற்றி எழுதிக்கொண்டிருந்த பதின்மூன்று நாளும் அந்த ஊரில் அதே தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்தார்கள். ஆய்வக முடிவு 26ஆம் தேதியே என் கையில் இருந்தது. லாரி கேட்டுக் கடிதம் போனது 4ஆம் தேதி. எட்டு நாள். இதைக் குற்றச்சாட்டில் அவர்கள் சேர்க்கவே இல்லை. அவர்களுக்கு அது ஒரு விஷயமே இல்லை.

ஜூலை 24, வியாழன்

குறிப்பாணையை நாலு தடவை படித்தேன். ஐந்தாவது தடவைதான் கண்ணில் பட்டது. அவசரத்தில் எழுதியிருக்கிறார்கள். என்னைக் குற்றம் சாட்ட இணைப்பு 4 உண்மையான ஆவணம் என்று துறையே எழுத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறது. கணவர் செய்ததை மனைவி அறிவிக்காதது குற்றம் என்றும் ஒப்புக்கொண்டிருக்கிறது. அப்படியென்றால் மருமகனை மறைத்ததும் குற்றம்தான்.

கிழித்து எறிந்த காகிதத்தை அவர்களே எடுத்து, அரசு முத்திரை குத்தி, எனக்குப் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறார்கள்.

ஜூலை 31, வியாழன்

மாலை இல்லை, சால்வை இல்லை. ஒரு பார்வையாளர் சீட்டு வாங்கிக்கொண்டு, முப்பத்தாறு வருடம் வேலை பார்த்த கட்டடத்துக்குள் போய் என் விளக்கத்தைக் கொடுத்தேன். வக்கீல் மறுத்து எழுதச் சொன்னார். மறுக்கவில்லை.

"குற்றச்சாட்டை ஏற்றுக்கொள்கிறேன். பதின்மூன்று நாட்கள் மறைத்தேன். இதில் எட்டு நாட்கள், நீர் கெட்டது என்ற ஆய்வக முடிவும் என் கையில் இருந்தது. அதையும் சேர்த்துக்கொள்ளக் கேட்கிறேன். விதிப்படி உரிய தண்டனையைப் பெறச் சம்மதம். இதே விதியின்படி, இதே இணைப்பு 4ஐ வைத்து, இரண்டு வருடம் மறைத்தவர்களுக்கும் குறிப்பாணை அனுப்பப்பட்டதா என்று அறிய விரும்புகிறேன்."

பிரதிகள்: தலைமைச் செயலாளர், கண்காணிப்பு ஆணையர், மாவட்ட ஆட்சியர், மனுதாரர் மாதம்மாள்.

ஹமீதா எண் போட்டாள். முத்திரையை இரண்டு தடவை குத்தினாள். முதல் தடவையே நன்றாக விழுந்திருந்தது.

ஆகஸ்ட் 11, திங்கள்

வெளித் துறையிலிருந்து ஒரு விசாரணை அதிகாரி நியமித்திருக்கிறார்கள். மூன்று பேருக்கு நோட்டீஸ் போயிருக்கிறது. குழு கலைக்கப்பட்டது. முப்பத்தெட்டு இயந்திரங்களில் இருபத்தொன்றின் நீர் குடிக்க லாயக்கில்லை என்று ஆட்சியர் பூட்டச் சொல்லிவிட்டார். மாதம்மாளின் ஊருக்குக் குழாய் வருமா என்று இன்னும் யாரும் சொல்லவில்லை. அவர் வாரம் இரண்டு தடவை எனக்குப் போன் செய்து கேட்கிறார். எனக்குத் தெரியாது என்றே ஒவ்வொரு தடவையும் சொல்கிறேன். அவரும் விடுவதாக இல்லை.

என் கணவர் பெங்களூரில்தான் இருக்கிறார். விசாரணை அதிகாரி கூப்பிட்டால் வருவேன் என்று மகளிடம் சொன்னாராம். என்னிடம் பேசவில்லை.

மாலை பேராசிரியர் செல்வகணபதி போன் செய்தார். குரலில் இப்போது தேன் இல்லை.

"என்னம்மா இப்படிப் பண்ணிட்டீங்க? நாப்பது வருஷம் கௌரவமா இருந்தவன் நான். உங்களையும் என்னையும் ஒரே பட்டியல்ல போட்டு, ரெண்டு பேரும் ஒண்ணுன்னு ஆக்கிட்டீங்களே!"

"ஆமா சார்," என்றேன். "ஒண்ணுதான். எனக்கு வந்த குறிப்பாணையைக் கொஞ்சம் படிச்சு வச்சுக்கங்க. அதே விதிதான் உங்களுக்கும்."